வீட்டுப் பாத்தியிலும் தொட்டியிலும் காரட்

காரட் என்றாலே உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துக் காய் என்று எண்ணிப் பழகிவிட்டோம். 1820களில் கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் தங்கி ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுக் காட்டிய காலம் தொட்டு இந்த எண்ணம் நிலைத்திருக்கிறது. அதில் தவறும் இல்லை. 15 முதல் 20 டிகிரி வெப்பநிலையில்தான் காரட் கிழங்கு நல்ல நிறமும் வடிவமும் இனிப்பும் பெறுகிறது. ஆகவே விற்பனைக்காகச் சமவெளியில் காரட் பயிரிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. மலையிலிருந்து லாரியில் இறங்கும் சரக்குடன் நம்மால் போட்டியிட முடியாது.

வீட்டுத் தேவைக்கு என்றால் கதை வேறு. கிணற்றடியில் ஒரு பாத்தி, அல்லது வாசல் ஓரத்தில் ஆறேழு டின்கள் இருந்தால் போதும். மார்கழிக் குளிரைப் பயன்படுத்திக் கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி, மதுரை முதலிய மாவட்டங்களிலும் ஒரு பருவம் காரட் எடுத்துவிடலாம். வைட்டமின் ஏ சத்துக்காக மட்டும் என்றால் வேலியோர முருங்கையே போதும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் முருங்கைக் கீரையைக் கண்டால் முகம் திருப்பும் பிள்ளை, பாத்தியிலிருந்து தன் கையாலேயே பிடுங்கிய காரட்டைக் கழுவியதும் கடித்துத் தின்னும். அந்த ஒன்றுக்காகவே இந்தப் பாடுபடலாம்.

ஏமாற்றம் எங்கே தொடங்குகிறது?

கத்தரி, தக்காளி, வெண்டை என்று எல்லாவற்றையும் நன்றாக வளர்க்கத் தெரிந்த உழவர் கூட முதல் முறை காரட் போட்டால் பெரும்பாலும் ஏமாந்து போகிறார். மேலே தழை செழித்து நிற்கிறது; பிடுங்கிப் பார்த்தால் இரண்டு கால், மூன்று கால் உள்ள கிழங்கு, அல்லது சுண்டுவிரல் அளவு வேர் வருகிறது. உடனே விதை சரியில்லை, உரம் போதவில்லை, நம் ஊருக்கு இது ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல வேளைகளில் குறை இருப்பது வேறிடத்தில்.

நாம் உண்ணும் காரட் அந்தச் செடியின் ஆணிவேர். விதை முளைத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் இந்த ஆணிவேர் மெல்லிய நூலாக நேரே கீழே இறங்கி, தான் போகவேண்டிய நீளத்தின் பெரும்பகுதியை எட்டிவிடுகிறது. அதன் பிறகுதான் அது பருக்கத் தொடங்குகிறது. அதாவது நீளம் முதலில், பருமன் பிறகு. நூல் போன்ற அந்த வேர் நுனி ஒரு கல்லிலோ, மக்காத சாணக் கட்டியிலோ, இறுகிய அடிமண்ணிலோ முட்டினால் நுனி கெட்டு, பக்க வேர்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு நீங்கள் எத்தனை உரமிட்டாலும் பருப்பது அந்தக் கவட்டை வேர்தான். தழை நாலு விரல் உயரம் வருவதற்கு முன்பே கிழங்கின் வடிவம் மண்ணுக்குள் தீர்மானமாகிவிடுகிறது.

காரட்டை நாற்றுவிட்டு நடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. நாற்றைப் பிடுங்கும்போது ஆணிவேரின் நுனி அறுந்துவிடும். கத்தரி நாற்றுக்கு அதனால் கேடில்லை. புதிய வேர்கள் விட்டுக்கொள்ளும். காரட்டுக்கோ வேர்தான் விளைச்சல். எனவே எந்த இடத்தில் கிழங்கு விளையவேண்டுமோ அந்த இடத்திலேயே விதைக்கவேண்டும்.

ஆகையால் இந்தக் கட்டுரையில் மண் தயாரிப்புக்கும் முதல் 25 நாள் கவனிப்புக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மற்றவை எல்லாம் நீங்கள் முன்பே அறிந்த வேலைகள்தாம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மண்வெட்டியைக் கையில் எடுக்குமுன் உங்கள் கிணற்று நீரை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் காரட் வேண்டாம். காய்கறிப் பயிர்களில் உப்பைச் சிறிதும் பொறுக்காதவற்றுள் காரட் ஒன்று. மண் பரிசோதனை நிலையத்தில் நிறைவுற்ற மண் சாற்றின் மின்கடத்தும் திறனை அளந்து சொல்வார்கள். அது மீட்டருக்கு 1 டெசிசைமனைத் தாண்டினாலே காரட்டின் விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். பீட்ரூட்டோ ஏறத்தாழ 4 வரை தாங்கும். ஆழ்குழாய்க் கிணற்றில் உப்பு நீர் வரும் ஊர்களில் உள்ளவர்கள் அதே பாத்தியில் பீட்ரூட் போடுவதே மேல். பீட்ரூட்டுக்குக் களிமண்ணும் அவ்வளவு பகையில்லை.

உப்பு நீர்தான் உண்டு, ஆனாலும் காரட் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை நீரைத் தொட்டியிலோ பீப்பாயிலோ பிடித்து வைத்துக்கொண்டு, நாலைந்து டின்களில் மட்டும் வளர்க்கலாம். பாத்தி அளவுக்கு அந்த நீர் வராது. பாத்திரம் துலக்கிய சோப்பு நீரையும் துணி துவைத்த நீரையும் இந்தப் பயிருக்கு விடவேண்டாம்.

மண்ணைப் பதப்படுத்துதல்

ஒரு குடும்பத்துக்கு 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள மேட்டுப்பாத்தி ஒன்று போதும். 1 மீட்டருக்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது. பாத்திக்குள் கால் வைக்க நேரும். கால் பட்ட இடத்தில் மண் இறுகும்; அங்கே கிழங்கு கோணும். இரு பக்கமும் இருந்து கை எட்டுமாறு பாத்தி இருக்கட்டும்.

செம்மண், மணல் கலந்த வண்டல் மண் ஆகியவை இதற்கு ஏற்றவை. இத்தகைய மண் உள்ளவர்கள் 30 செ.மீ. ஆழத்துக்கு மண்ணைக் கொத்தித் திருப்பி, ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, மீண்டும் கொத்தவேண்டும். கல், ஓடு, பழைய வேர், கட்டி எல்லாவற்றையும் பொறுக்கவேண்டும். மேல் ஒரு சாண் மண்ணை மணல் சலிக்கும் சல்லடையில் சலித்துப் போடுவது மிக நன்று. ஒரு பாத்திக்கு அரை நாள் வேலைதான். இந்த அரை நாளை மிச்சம் பிடித்தவர்கள் மூன்று மாதம் கழித்து அதன் பலனைக் கவட்டைக் கிழங்காகப் பிடுங்குவார்கள்.

வேலை முடிந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று சொல்கிறோம். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குச்சியைப் பாத்தியில் நிறுத்திக் கையால் அழுத்துங்கள். 25 செ.மீ. வரை தடங்கல் இல்லாமல் இறங்கினால் மண் தயார். பத்துப் பதினைந்து செ.மீ. ஆழத்தில் நின்றுவிட்டால் உங்கள் காரட்டும் அங்கேயே நிற்கும்.

கரிசல் மண்ணும் களிமண்ணும் உள்ளவர்கள் கொத்திக் கொத்தித் திருத்தப் பார்ப்பது வீண் உழைப்பு. அந்த மண் காய்ந்தால் இறுகும், நனைந்தால் குழையும். அதைவிடச் செங்கல்லோ தென்னந் துண்டுகளோ வைத்து 25 செ.மீ. உயரத்துக்குச் சட்டம் கட்டி, அதனுள் கீழே சொல்லப்போகும் தொட்டிக் கலவையை நிரப்புங்கள். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்குச் செய்தாலே 250 லிட்டர் கலவை பிடிக்கும். 15 லிட்டர் டின்னால் அளந்தால் 17 டின். முதல் ஆண்டுக்கு இது போதும்.

எருவைப் பொறுத்தவரை ஒரே நிபந்தனை: நன்றாக மக்கியிருக்கவேண்டும். கையில் எடுத்து நசுக்கினால் டீத்தூள் போல் உதிரவேண்டும். சாண வாடை வரக்கூடாது. புதுச் சாணமும் அரைகுறையாக மக்கிய குப்பையும் காரட்டில் கவட்டையையும் மயிர் போன்ற சல்லிவேர்களையும் கொடுக்கும். சதுர மீட்டருக்கு 3 கிலோ வீதம் நம் பாத்திக்கு 9 முதல் 10 கிலோ மக்கிய தொழு உரத்தை விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே இட்டுக் கலக்கவேண்டும். முந்தைய பயிருக்கு நிறைய எருவிட்ட பாத்தியாக இருந்தால் இதில் பாதி போதும். அத்துடன் சதுர மீட்டருக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூளையும் சேருங்கள். யூரியாவைத் தொடவே வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் தழை மட்டும்தான் கிடைக்கும்.

தக்காளி, கத்தரி, வெண்டை இருந்த பாத்தியை உடனே காரட்டுக்கு எடுக்காதீர்கள். அந்தப் பயிர்களின் வேரில் முடிச்சு விழச் செய்யும் நூற்புழு மண்ணில் தங்கியிருக்கும். அது காரட் வேரைக் குத்தினால் கல்லில் முட்டியது போன்றே கிழங்கு பிளந்துபோகும். உடம்பெல்லாம் சிறு முடிச்சுகள் காணும். பழைய செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் அந்த இடத்தில் ஒரு பருவம் துலுக்க சாமந்தி போட்டு, பிறகு காரட்டுக்கு வரலாம்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

எந்தக் கலமானாலும் 30 செ.மீ. ஆழம் இருக்கட்டும். அகலம் உங்கள் வசதி. 15 கிலோ எண்ணெய் டின் இதற்கென்றே செய்தது போல் இருக்கிறது; பக்கத்துக்கு ஏறத்தாழ 23 செ.மீ., உயரம் 35 செ.மீ. ஒரு டின்னில் 12 செடிகள் வளர்க்கலாம். உடைந்த பிளாஸ்டிக் குடம், பழைய வாளி, மேல்புறம் மடித்துவிட்ட உரச் சாக்கு எல்லாம் உதவும். பூச்சிமருந்து இருந்த டப்பா, பீப்பாய் எதையும் எத்தனை முறை கழுவியிருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. மருந்து டப்பாவை வீட்டில் வைத்திருப்பதே தவறு.

அடியில் சுண்டுவிரல் பருமனில் ஆறேழு துளைகள் இட்டு, ஓட்டுச் சில்லு ஒன்றிரண்டு வைத்து மூடவேண்டும். கலவைக்குச் சலித்த செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. ஆற்று மணல் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கல்லுடைத்த மணலைப் பயன்படுத்துபவர்கள் அதை வாளியில் இட்டு நீர் ஊற்றிக் கலக்கி, மேலே மிதக்கும் மாவுத்தூளை வடித்துவிடவேண்டும். அந்தத் தூள் தங்கினால் கலவை சிமிட்டி போல் இறுகும். மணலுக்குப் பதில் தென்னை நார்க் கழிவும் சேர்க்கலாம். மக்க வைத்ததாக இருக்கவேண்டும். பச்சைக் கழிவில் உப்பும் துவர்ப்புச் சத்தும் உண்டு. மக்கிய கழிவையும் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிய பிறகே கலக்குங்கள்.

டின்களில் ஒரு தொல்லை, வெயிலில் பக்கங்கள் சுடும். பக்கத்தை ஒட்டிய வேர்கள் அதனால் வாடும். டின்னைச் சுற்றி நனைத்த சாக்கைக் கட்டிவிடுங்கள். காலை வெயில் விழுந்து, பிற்பகலில் சுவர் நிழல் படும் இடமாகப் பார்த்து வையுங்கள். மண் தொட்டியில் இந்தத் தொல்லை குறைவு. பக்கவாட்டில் நீர் கசிந்து ஆவியாவதால் அது தானே குளிர்ந்திருக்கும். ஆனால் நீர் கூடுதலாகக் கேட்கும். ஈரமான கலவை நிறைந்த ஒரு டின் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். கான்கிரீட் தளத்தில் சுவரோரமாக வைக்கலாம். ஓட்டு வீட்டுக் கூரையிலும் தகரக் கொட்டகை மேலும் ஏற்றாதீர்கள்.

பட்டமும் இரகமும்

சமவெளியில் ஐப்பசி பிற்பாதியிலிருந்து மார்கழி முதல் வாரம் வரை விதைக்கலாம். மூன்று மாதப் பயிர் என்பதால் கிழங்கு பருக்கும் நாட்கள் மார்கழி, தையில் விழவேண்டும், கணக்கு அதுதான். வடகிழக்குப் பருவமழை கொட்டும் கடலோர மாவட்டங்களில் மழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் விதைப்பது நலம். முன்னதாக விதைத்தால் ஒரே இரவு மழையில் விதை முழுவதும் பாத்தியின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். கடலோரத்தில் குளிர் குறைவு. ஆகவே கிழங்கு குட்டையாகவும் சற்று வெளிறியும் வரும். சுவைக்குப் பெரிய குறை இல்லை. ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடைநிலை மலைகளில் ஆடி முதல் தை வரை விதைக்க முடியும். 1500 மீட்டருக்கு மேல் நீர் வசதி இருந்தால் ஆண்டு முழுவதும். தை பிறந்த பிறகு சமவெளியில் விதைக்கவே வேண்டாம். மாசி, பங்குனி வெயிலில் கிழங்கு பருக்காமல் நாராகி, ஒருவிதக் காட்டமும் ஏறிவிடும்.

உதகையிலுள்ள நம் ஆராய்ச்சி நிலையத்தின் ஊட்டி 1 மலைக்கு ஏற்றது. நான்டிஸ் வகை 15 செ.மீ. நீளத்தில் உருளையாக, முனை மழுங்கி இருக்கும், நல்ல இனிப்பு. சமவெளி வெப்பத்துக்குக் குரோடா வகை கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது. அடி குறுகிய குட்டைக் கிழங்கு என்பதால் தொட்டிக்கும் பொருந்தும். தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா கேசர், பூசா மேகாலி ஆகியவை வெப்பம் தாங்கும் ஆசிய வகையைச் சார்ந்தவை. சமவெளியில் முதல் முறை போடுபவர்கள் குரோடாவில் தொடங்கலாம் என்பது எங்கள் யோசனை.

விதையை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பிய வகைகள் பூக்கவேண்டுமானால் சில வாரங்களாவது 10 டிகிரிக்குக் கீழான குளிர் படவேண்டும். அந்தக் குளிர் சமவெளியில் இல்லை. ஆண்டுதோறும் வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கும்போது பரிசோதித்த தேதியைப் பாருங்கள். காரட்டுக்குச் சான்று விதையின் குறைந்தபட்ச முளைப்புத்திறனே 60 சதம்தான். கடையில் திறந்து வைத்து, அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பழைய விதையில் அதில் பாதி கூடத் தேறாமல் போகலாம். ஐயமாக இருந்தால் 50 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் பார்த்துப் பத்து நாளில் எண்ணிவிடுங்கள்.

விதைப்பு

ஒரு கிராமில் ஏறத்தாழ 800 விதைகள் இருக்கும். நம் பாத்தியில் 20 செ.மீ. இடைவெளியில் 3 மீட்டர் நீளமுள்ள 5 வரிசைகள் வரும். மொத்தம் 15 மீட்டர். 5 செ.மீ.க்கு ஒரு செடி என்றால் 300 செடிகள். 2 கிராம் விதைத்தால் 60 சதம் முளைத்தும் 900 நாற்றுக்கு மேல் வந்துவிடும். ஆக 2 கிராம் தாராளம். முழுப் பொட்டலத்தையும் கொட்டித் தீர்க்கும் ஆசை வேண்டாம்.

விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் பரப்பி ஈரம் உலர்த்தி, ஒன்றுக்கு நான்கு பங்கு உலர்ந்த மணலுடன் கலக்குங்கள். விரலால் 1 செ.மீ. ஆழத்துக்குக் கோடு இழுத்து, அதற்கு முன்னதாகவே நீர் தெளித்து, மணலுடன் சேர்த்து விதையைத் தூவி, மண்ணால் மூடாமல் சலித்த மக்கிய எருவால் மூடவேண்டும். மண்ணால் மூடினால் நீர் பட்டதும் மேற்புறம் ஏடு கட்டிக்கொள்ளும். காரட் முளைக்கு அந்த ஏட்டைப் பிளந்து வர வலுவில்லை. "விதை முளைக்கவே இல்லை" என்று சொல்லப்படும் பாத்திகளைக் கிளறிப் பார்த்தால் முளைத்து, மேலே வரமுடியாமல் மடிந்த முளைகளைக் காணலாம்.

வரிசையில் ஒரு சாணுக்கு ஒரு முள்ளங்கி விதை சேர்த்துப் போடுவது பழைய உத்தி, பலனுள்ள உத்தி. முள்ளங்கி நாலைந்து நாளில் முளைத்து ஏட்டைத் தூக்கிவிடும். வரிசை எது என்றும் காட்டும். காரட் இடம் கேட்கும் சமயத்தில், 30 நாளில், முள்ளங்கி சாம்பாருக்கு வந்துவிடும்.

விதைத்ததும் ஈரச் சாக்கை விரித்து மூடுங்கள். காலை, மாலை இரு வேளையும் சாக்கின் மேலேயே பூவாளியால் 10 லிட்டர் நீர் தெளித்தால் போதும். வாய்க்காலில் மடை திறந்துவிடக் கூடாது. சமவெளியில் 7 முதல் 10 நாளில் முளைக்கும். மலையில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். இந்த நாட்களில் ஒரு நண்பகல் மேல்மண் காய்ந்தாலும் முளைவிட்ட விதை செத்துவிடும். சந்தைக்கோ ஊருக்கோ போக வேண்டியிருந்தால் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆறாம் நாள் முதல் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை தெரிந்த அன்று மாலையே சாக்கை எடுத்துவிடவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் சாக்கில் பின்னிக்கொள்ளும்.

களையெடுக்கப் பிள்ளைகளை விடுமுன் நாற்றைக் காட்டிக்கொடுங்கள். காரட்டின் விதையிலைகள் இரண்டும் மெல்லிய நீண்ட கீற்றுகள். பார்ப்பதற்குப் புல் முளைத்தது போலவே இருக்கும். கொத்தமல்லிச் சாடையுள்ள உண்மை இலை அதன் பிறகே வரும். காரட், கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் ஒரே குடும்பம். அந்த மல்லி இலை தெரியும் வரை பாத்தியில் களைக்கொத்து நுழையக்கூடாது.

நெருக்கம் கலைத்தல்

இந்த வேலைக்குத்தான் மனம் வருவதில்லை. பச்சைப் பசேலென்று நிற்கும் நாற்றில் மூன்றில் இரண்டைப் பிடுங்கு என்றால் யாருக்குத்தான் கை வரும்? ஆனால் நெருக்கத்தில் நின்ற காரட் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு, எதுவும் பருக்காமல் போகும். முளைத்த 15 நாளில், இரண்டு மூன்று உண்மை இலைகள் வந்ததும், 2 முதல் 3 செ.மீ.க்கு ஒன்றாக முதல் கலைப்பு. அடுத்த 15 நாளில் 5 செ.மீ.க்கு ஒன்றாக இரண்டாவது. மாலையில், நீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். ஆகையால் முதல் கலைப்பில் கத்தரிக்கோலால் தரைமட்டத்தில் நறுக்கிவிடுவதே நல்லது. இரண்டாவதில் பிடுங்கியவை வீணாவதில்லை. இளந்தழையை மல்லித்தழை போலக் கிள்ளிப் போடலாம்.

கலைத்தவற்றை இடைவெளியில் நட்டுப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். நட்டால் பிழைக்கும், கிழங்கு வராது.

பின் கவனிப்பு

இரண்டாவது கலைப்பு முடிந்ததும் பாத்திக்கு ஒன்றரைக் கிலோ மண்புழு உரமும், சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி விறகுச் சாம்பலும் வரிசைகளுக்கு நடுவே இட்டு, மேலாகக் கிளறி மண் அணையுங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சாம்பல் வேண்டாம். பாத்திக்கு 50 கிராம் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் இட்டால் போதும். கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையேறிக் கசக்கும். அவ்வப்போது மண்ணை இழுத்துவிடுங்கள்.

நீர் வாரத்துக்கு 75 லிட்டர், அதாவது மூன்று சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம், இரண்டு மூன்று தவணையாக. தொட்டிக்குப் பெரும்பாலும் தினமும் வேண்டியிருக்கும். காயப்போட்டுப் பிறகு நிறைய விடுவது கூடாது. கிழங்கு நீளவாக்கில் வெடிக்கும்.

பூச்சி நோய் பெரிதாக வராது. இலையில் கருகல் புள்ளிகள் கண்டால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, தழை மேல் படாமல் காலையில் அடியில் நீர் விடுங்கள். அசுவினிக்கு விசையாக நீர் அடித்தாலே போதும். எலியும் மயிலும்தான் உண்மையான எதிரிகள்; பழைய மீன்வலை ஒன்று கிடைத்தால் பாத்தியைச் சுற்றிலும் மேலும் கட்டிவிடுங்கள்.

அறுவடை

விதைத்த 80 முதல் 100 நாளில் கிழங்கு எடுக்கலாம். நாளை எண்ணுவதோடு நில்லாமல், செடியடியில் விரலால் மண்ணை விலக்கித் தோள் பருமனைப் பாருங்கள். 2 முதல் 2.5 செ.மீ. வந்துவிட்டால் பருவம். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கவேண்டாம். பருத்தவற்றைப் பிடுங்கப் பிடுங்க மற்றவை இடம் பெற்றுப் பருக்கும். முதல் நாள் மாலை நீர் விட்டு, தழையை அடியோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். கிழங்கு ஒன்று 50 கிராம் என்று வைத்தால் கூட 300 செடிக்கு 15 கிலோ கணக்கு வரும். முதல் முறையில் அதில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல்.

பிடுங்கிய உடனே தழையைத் திருகி எடுத்துவிடுங்கள். விட்டால் அது கிழங்கின் நீரை உறிஞ்சி, மறுநாளே காரட் துவண்டுவிடும். தழையை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். கிழங்கைக் கழுவாமல் ஈர மணலில் புதைத்து நிழலில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் கெடாது. குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் வாழை, மா போன்ற பழுக்கும் பழங்களோடு சேர்த்து வைக்காதீர்கள். பழத்திலிருந்து வெளிவரும் வாயுவால் காரட் கசந்துவிடும். பச்சையாகத் தின்பதை விடச் சிறிது எண்ணெய் விட்டு வதக்கிச் சமைத்தால் அதிலுள்ள கரோட்டின் சத்து உடலில் நன்றாகச் சேரும்.

காலியான டின்களின் கலவையைக் கொட்டிவிடாமல், இரண்டு மூன்று முறை நல்ல நீர் விட்டு அடியில் வடியும்படி அலசி, கால் பங்கு புது எரு சேர்த்துச் சித்திரையில் கொத்தவரையோ கீரையோ போடுங்கள். அடுத்த ஐப்பசிக்குள் அந்தக் கலவை மீண்டும் காரட்டுக்குத் தயாராகிவிடும்.